பதில் வால்வு

கரண்ட் போய்விட்டது. போகட்டும், எனக்கென்ன அவசரம், சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அதுவும் ஒருத்தி தின்பதற்கு ஆக்கிய சோறு. ரேடியோ ரிப்பேர்க் கடை மச்சாது கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் போட்டுவிட்டு, "பராமரிப்பு வேலைன்னு பேப்பர்ல போட்டிருந்தான் ஆச்சி, நாந்தான் மறந்துட்டேன். இருக்கீங்களா, இல்ல நாளைக்கு வாறீங்களா?" என்கிறான். நாளைக்கு எப்படி வருவது. நாளைக் காலையில் அக்காள் மகன் குத்தாலம் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ரேடியோவை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். கோயம்புத்தூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான், முன்ரூமில் அவன் அம்மாவின் ரேடியோ இருக்க வேண்டுமாம். "இருக்கேன்" என்றேன். இந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் தூத்துக்குடி துறைமுகம் பக்கமாகச் சாய்கிறது, நானும் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன், பழக்கம்தான். மேலே கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக் குழல்கள் தொங்குகின்றன, கீழே மிக்சிகள், நடுவில் மேசைமேல் முதுகைத் திறந்து போட்டபடி அக்காளின் ரேடியோ. இத்தனை வருஷத்தில் அதன் பின்பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அத்தான் தொடவே விடமாட்டார். தூசி தட்டுகிறேன் என்று பின்னால் கையைக் கொண்டுபோனால், "பின்பக்கம் தொடாத" என்று எந்த அறையில் இருந்தாலும் சத்தம் வரும். அத்தான் இல்லாத வீட்டில் இப்போது எதை வேண்டுமானாலும் தொடலாம். அதுதான் வலிக்கிறது.

குத்தாலம் நல்ல பிள்ளைதான். பல் முளைக்காத பிள்ளையாக என் இடுப்பில் ஏறியவன் ரிடயர் ஆகிவிட்டான், இன்னும் தினமும் போன் பண்ணுகிறான், மாத்திரை போட்டீங்களா சித்தி, கால் வீக்கம் எப்படி சித்தி. அந்த வாயால்தான் போன வாரம் அதையும் சொன்னான். முன்னமே வீட்டுக்கு வந்து, நான் அடுக்களையில் காப்பி போடுவதற்குள் திறந்து பார்த்த மச்சாது, சத்தத்தை வெளியே தள்ளும் கண்ணாடிக் குழாய், அந்த வால்வுதான் செத்துப்போச்சு என்று நம்பர் சொல்லியிருந்தான், குத்தாலம் அந்த நம்பரை வைத்துக்கொண்டு பம்பாய், கல்கத்தா, லண்டன் என்று போனிலேயே ஊரெல்லாம் தேடினான், எங்கும் இல்லை. "வேற வால்வு போட்டுப் பாட வைக்கலாம்னு மச்சாது சொல்றானே" என்றேன். "பதிலெல்லாம் வேண்டாம் சித்தி. பதில் போட்டா அது எப்படி அம்மா ரேடியோ ஆகும்? பேசாட்டாலும் பரவால்ல, அப்படியே இருக்கட்டும்" என்றான். அவன் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் போனை வைத்துவிட்டு அடுக்களையில் வெகுநேரம் அந்தச் சொல்லோடு நின்றுகொண்டிருந்தேன். பதில். கேள்விக்கும் பதில், ஆளுக்கும் பதில். ஒரே சொல். அக்காளுக்குப் பதிலாக இந்த வீட்டுக்கு வந்தவள் நான். நான் எந்தக் கேள்விக்குப் பதில் என்று மட்டும் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அதனால்தான் அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஆட்டோ பிடித்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதில் போட்டுப் பாட வைத்து, நாளைக்கு அவன் முன்னால் வைத்து, பதில்தான்டா போட்டிருக்கு, பாடுதா இல்லையா, சொல்லு என்று கேட்க வேண்டும். வீட்டை விட்டுப் போகும் முன்னால் அது ஒரு தடவை பேச வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

கேட்பேனா? கேட்கமாட்டேன். வாய் வரைக்கும் வரும், வந்து, காப்பி குடிக்கிறியாப்பா என்று மாறிவிடும். என் வாய் அப்படிப் பழகிவிட்டது. தெருவில் மீன்காரி போகிறாள், சாளை சாளை என்று. அக்காளுக்குச் சாளை ஆகாது, சைவத்திலும் சைவம், அந்த வாடை பட்டாலே மூக்கைப் பொத்துவாள். நானும் சைவம்தான், ஆனால் எனக்கு அந்த வாடை பிடிக்கும். உப்பும் கடலும் கலந்து வருவது. இதை யாரிடம் போய்ச் சொல்வது. அக்காள் சந்திரவடிவு, பேருக்கு ஏற்ற வடிவு. நான் உலகம்மாள், பேருக்கு ஏற்ற மாதிரி உலகத்தையே சுமந்தேன் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். அவள் கல்யாணத்துக்கு அப்பா கொழும்பு கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லி வாங்கி வைத்த சீர் அந்த ரேடியோ. அக்காள் அதற்கு ஓரத்தில் பூவேலை செய்து ஒரு துணியுறை தைத்தாள். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் அதன் முன்னால் படுத்துக்கொண்டு இலங்கை ஒலிபரப்பைக் கேட்போம், அலை ஏறி இறங்கி வரும், அவள் என் தலையில் பேன் பார்ப்பாள். பிரசவத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூட வாங்கியாயிற்று, தகரப் பெட்டி, பச்சை. அந்தப் பெட்டியில்தான் துணிமணியை அடுக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன்.

திருச்செந்தூரில் வைத்து, மேளம் இல்லாமல், விடிவதற்குள். அக்காளின் தாலியிலிருந்து ஒரு குண்டைக் கழற்றி என் தாலியில் கோத்தார்கள், மூத்தாள் கோபப்படக் கூடாதாம். அவளா கோபப்படுவாள்? வாழ்ந்திருந்தால் அவளோடு சண்டை போட்டிருக்கலாம், செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது. அத்தானின் அம்மா அவள் வயசுக்காரிகளிடம், "என்ன செய்ய, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். இலுப்பைப்பூ. நல்ல பேர். எனக்கு என்ன பேர் வைத்தாலும் யாருக்கும் எதையும் மாற்றிக் கூப்பிட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. அக்காள் புருஷன் என்பதால் அத்தான் என்று கூப்பிட்டேன், என் புருஷன் ஆன பிறகும் அத்தான்தான். குத்தாலம் என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டியவன், அவன் அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகும் சித்தியேதான். ஒரு எழுத்து மாறவில்லை. அவனுக்குப் பேச்சு வந்த காலத்தில் என்னை ஒருதடவை ம்மா என்றான், அத்தானின் அம்மா சட்டென்று சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அம்மா அந்தா இருக்கா, இது சித்தி" என்று திருத்தினாள். பிள்ளை படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, சித்தி என்றது. எவ்வளவு புத்திசாலிப் பிள்ளை. நான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன்.

"ஆச்சி" என்கிறான் மச்சாது. செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு ரேடியோவின் முதுகுக்குள் தலையை விட்டிருந்தவன், டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு விழிக்கிறான். "ஆச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. கோபப்படாதீங்க." உடைத்துவிட்டானா. நாளைக்கு என்ன சொல்வேன், வேண்டாம் வேண்டாம் என்று சொன்னானே, என் வீம்புக்குத் தூக்கிக்கொண்டு வந்து உடைத்துவிட்டேனே. "உடைஞ்சுட்டா?" என்றேன். "அய்யோ, அதில்ல. இங்க பாருங்க." கறுப்பாக ஒரு வால்வைப் பிடுங்கி வெளியே எடுத்தான். மேலே தகர மூடி, கீழே கறுப்பு அடிக்கட்டை, அதில் குச்சிக் குச்சியாகக் கால்கள். "நம்பர் இந்த அடிக்கட்டையில போட்டிருக்கு. அதப் படிச்சுத்தான் உங்க மகன்ட்ட சொன்னேன், அவரும் பாவம் ஊரெல்லாம் தேடுனாரு. இப்ப மூடியக் கழத்திப் பாத்தா..." மூடியைக் கழற்றினான். உள்ளே சின்னதாக, ஒல்லியாக ஒரு கண்ணாடி வால்வு. அதைத் தனியாக உருவினான். அடிக்கட்டை ஒரு கையில், வால்வு ஒரு கையில். "அடிக்கட்டைதான் ஒரிஜினல். மேல உக்காந்திருக்கது வேற வால்வு. இதுக்குக் கால் ஒம்பது, அதுக்குக் கால் எட்டு, நேரா உக்காராது. அதனால செத்துப்போன வால்வோட கண்ணாடிய உடைச்சு எடுத்துட்டு, அது அடிக்கட்டையிலயே இத உக்கார வச்சிருக்கான். நல்ல கைக்காரன் எவனோ செஞ்சிருக்கான். வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. இது ஒரிஜினலே இல்ல ஆச்சி, பதில் வால்வுதான். எவ்வளவு காலமோ ஆச்சு." நான் கையை நீட்டினேன். என்ன நினைத்தானோ, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தான். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியிருக்கும் இடம் பால் மாதிரி வெளுத்திருந்தது. "அப்படி வெளுத்தா உயிர் போயிட்டுன்னு அர்த்தம்" என்றான்.

எப்போது? யார்? அத்தானைத் தவிர யார். பின்பக்கம் தொடாத. நான் வந்த வருஷத்து ஐப்பசி, அடைமழை, ரேடியோ ஒரு நாள் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. அத்தான் அதைப் போர்வையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு போனார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. நான் நடையில் நின்று பார்த்தேன். எனக்குக் கோபமான கோபம். என்னை ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போகாத மனுஷன் உப்புக் கம்பெனி வேலை முடிந்ததும் தினமும் ரேடியோவைப் பார்க்கப் போகிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி. அந்த வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சத்தமே இல்லை. பிள்ளை மட்டும் அழும். பிறகு ஒரு சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார். சூடு ஏற நேரமாகும் அல்லவா, அதுவரை இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றோம், பிறகு மெள்ள, தொண்டையைச் சரிசெய்கிற மாதிரி ஒரு முனகல், அப்புறம் பாட்டு. அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு தவழ்ந்து வந்தது. "சரியாயிட்டா அத்தான்? அதேதானா?" என்று கேட்டேன். "அதேதான்" என்றார். சொல்லும்போது அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அக்காளோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அந்தப் பார்வையை வைத்து என்னை நானே குத்திக்கொண்டே இருந்தேன். இப்போது பார்த்தால் அவருக்கு அன்றைக்கே தெரியும், உள்ளே இருப்பது அது இல்லை என்று. தெரிந்துகொண்டு அதேதான் என்றார். ஏன் சொன்னார்? பொய்யா? ஊருக்குப் பயந்தா, அவர் அம்மாவுக்குப் பயந்தா? இல்லை, எனக்காகவா? பதில் ஒன்றும் குறைந்தது இல்லை என்று சொல்ல வந்தாரா? அப்படி ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லத் தெரியாது. இல்லை, பாட்டு வந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. பாட்டு வந்தால் போதும், சோறு வந்தால் போதும், பிள்ளை வளர்ந்தால் போதும். அவரைக் கேட்க முடியாது. போன ஆடியில் போய்விட்டார். நடுக்கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது அவர் பெரியம்மா மகள் மாரில் அடித்துக்கொண்டு, "வடிவுகிட்டயே போயிட்டியே அண்ணாச்சி" என்று அழுதாள். நான் அவர் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் அவளை அதட்டவில்லை. நான்கூட ஆமாம், அங்கேதான் போயிருப்பார் என்று நினைத்தேன். அன்றைக்குத் தாலியைக் கழற்றியபோது அக்காள் குண்டும் சேர்ந்து கழன்றது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அறுத்தோம்.

மச்சாது ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து வால்வுகளை உருட்டிக்கொண்டிருக்கிறான். "பதிலுக்குப் பதில் தேட வேண்டியதாப் போச்சு" என்று சொல்லி அவனே சிரிக்கிறான். நானும் சிரித்தேன். பதிலுக்குப் பதில் என்றால் பழி வாங்குவது என்றுதான் இதுவரை தெரியும். நான் யாரைப் பழிவாங்க. எனக்கு முட்டு வலி, கால் வீக்கம், போன மாதம் அடுக்களையில் கண் இருட்டி அப்படியே சுவரைப் பிடித்து நின்றேன், குத்தாலத்திடம் சொல்லவில்லை. நான் போனால் சுவரில் என் படம் எங்கே தொங்கும்? அத்தானுக்கு இந்தப் பக்கம் அக்காள் இருக்கிறாள், அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலை அடைத்தா எனக்கு ஆணி அடிப்பார்கள். வருஷா வருஷம் அக்காள் திதிக்கு வாழைக்காய்ப் பொரியலும் உளுந்து வடையும் நான்தான் செய்து படைத்தேன். எனக்கு யார் செய்வார்கள், குத்தாலத்தின் பெண்டாட்டி நல்லவள்தான், ஆனால் ஓட்டலில் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். செத்த பிறகு ருசியா பார்க்கப் போகிறேன். "கிடைச்சுட்டு" என்கிறான் மச்சாது. ஒரு சின்ன வால்வைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் கையில் இருந்த அடிக்கட்டையை வாங்கி அதில் செருகினான். "இந்த அடிக்கட்டைய மட்டும் விட்டுறக் கூடாது ஆச்சி. மேல யாரு உக்காந்தாலும் செட்டுக்குத் தெரியாது. கால் பொருந்துனா போதும், பாடும்." கால் பொருந்தினால் போதும். அதைப் பொருந்த வைக்க அந்தப் பழைய கைக்காரன் எத்தனை கம்பியை வளைத்திருப்பான், எத்தனை இடத்தில் ஈயம் உருக்கிச் சுட்டிருப்பான் என்று செட்டுக்கு எப்படித் தெரியும்.

மின்விசிறி முதலில் முனகியது, பிறகு டியூப் லைட் கண்ணைச் சிமிட்டியது. கரண்ட் வந்துவிட்டது. மச்சாது ரேடியோவுக்கு நேராக உயிர் கொடுக்கவில்லை, உள்ளே கோளாறு இருந்தால் காட்டிக்கொடுக்க நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடுத்து, அது எரிவதையும் மங்குவதையும் பார்த்துக்கொண்டே, "பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றான். பயம் எனக்கு அது பாடாது என்று இல்லை. பாடும்போது வேறு குரலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான். வால்வுக்குள் சிவப்பாக ஒரு பொட்டுக் கனல். சூடு ஏறட்டும். பெட்டியின் பழைய வாடை எழுந்தது, தூசியும் மரமும் சுடுகிற வாடை, நடையில் பிள்ளை தவழ்கிற, அத்தான் பனியனோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிற, நான் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கிற வாடை. மெள்ள ஒரு முனகல். பிறகு, கீழ்த்தொண்டையிலிருந்து, ஒரு பெண்பிள்ளை மீனவர்களுக்குக் காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று வாசித்தாள். அதே குரல். அதே கனம், அதே லேசான கரகரப்பு. கண்ணீர் வந்துவிட்டது, காற்று எந்தத் திசையில் அடித்தால் எனக்கென்ன, அதற்குப் போய் அழுகிறேன்.

மடியில் போன் அடித்தது. குத்தாலம். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று சொல்லத்தான். "சித்தி, எங்க இருக்கீங்க, அது என்ன சத்தம்?" போனை ரேடியோ பக்கம் பிடித்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அறுபது வயதுப் பிள்ளை மூச்சு விடுவது போனில் கேட்டது. "சித்தி" என்றான், குரல் மாறிவிட்டது, "இதுதான். இதே சத்தம்தான். படுத்துக்கிட்டே கேப்பேனே, நீங்க தட்டிக்குடுத்துட்டே இருப்பீங்களே. இதுதான் அம்மா ரேடியோ. அந்த வால்வு கெடச்சுட்டா? நான் சொன்னேன்லா, பதில் போட்டா இப்படி வருமா?" மச்சாது சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான், சொல்லுங்க ஆச்சி, சொல்லுங்க என்கிற மாதிரி. வாய் வரைக்கும் வந்தது. உன் அம்மா கேட்ட சத்தத்தை நீ கேட்டதே இல்லைடா, உனக்குக் காது தெளியும் முன்னால் அது போய்விட்டது, நீ கேட்டது அத்தனையும் பதில்தான். நீ அம்மா என்று நினைத்துக்கொண்டிருப்பது அத்தனையும். வாய் வரைக்கும் வந்து நின்றது. அங்கே அவன் மூக்கை உறிஞ்சினான். அழுகிறான். "அதேதானா சித்தி?" என்றான். அந்த நிமிஷம் எனக்கு அத்தானின் முகம் தெரிந்தது, அவர் அன்றைக்கு ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரிந்த மாதிரி இருந்தது. சொல்பவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கனம் என்றும் தெரிந்தது. "அதேதான்" என்றேன்.

போனை முந்தானையில் துடைத்து மடியில் செருகினேன். மச்சாது முதுகுப் பலகையை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். ரேடியோ மூடிய வாயோடு பாடிக்கொண்டிருந்தது, இப்போது ஏதோ நாதஸ்வரம். அவன் மேசையைக் கையால் கூட்டித் தள்ளினான், ஆணி, கம்பித் துண்டு, நடுவில் அந்த வெளுத்துப்போன சின்ன வால்வு, குப்பை டப்பாவின் ஓரம் வரைக்கும் உருண்டு போனது. "இதத் தூரப் போட்டுறவா ஆச்சி? இனி எதுக்கும் ஆகாது."

"போடாத, இங்க கொண்டா" என்றேன். "இத்தன வருசமும் பாடுனது அதுல்லா."